கண்ணு, இது எட்டா... மூணா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புத் துறை மாணவன்)

நண்பர்களே! நம்ம லேபில் முதல் தடவையாக 16க்கு 2 எல்.சி.டி. டிஸ்பிளேவை மாட்டின நாள் ஞாபகம் இருக்கிறதா? சப்ளை சரி, வயரிங் சரி, புரோகிராமும் சரி. ஆனால் திரையில் ஒன்றுமே இல்லை! நான் அரை மணி நேரம் புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் லேப் அண்ணன் வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது பின்னில் இருக்கிற 10 கே பிரீசெட்டை ஸ்குரூ டிரைவரால் லேசாக ஒரு திருகு... பளிச்சென்று எழுத்து வந்து நின்றது.

எழுத்து அதுவரைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? "நமக்கு இந்தப் படிப்பெல்லாம் வராதுடா" என்று! வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் வேறு எப்படி நினைப்பான்? தப்பு பிரீசெட்டில் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. தப்பு நம்மிடம்தான் என்று தோன்றும்.

இந்த மலரில் நான் எழுத வந்தது அந்த பிரீசெட்டைப் பற்றித்தான். போன வருஷம் உலகத்தில் பெரிய கம்பெனி ஒன்று அதைத் தப்பான பக்கம் திருகிவிட்டது. அதே காரியத்தை நானும் என் கையாலேயே எங்கள் அம்மாவுக்குச் செய்தேன்.

2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனுக்குப் புதுத் தோற்றத்தை அறிவித்தது. பெயர் லிக்விட் கிளாஸ், அதாவது திரவக் கண்ணாடி. பட்டன், மெனு, அறிவிப்புப் பெட்டி எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி. பின்னால் இருக்கிற படம் அதன் வழியே வளைந்து நெளிந்து தெரியும், விரலை நகர்த்தினால் ஒளி ஓடும். போன் மட்டுமில்லை, டேப்லெட், கம்ப்யூட்டர், வாட்ச், டி.வி. வரைக்கும் அதே கண்ணாடிதான். பதிப்பு எண் கூட 18-இலிருந்து ஒரே தாவலில் 26-க்குப் போனது. பட்டன்கள் கண்ணாடியாகிவிட்டால் உள்ளடக்கம் முன்னுக்கு வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சோதனைப் பதிப்பு வந்த அன்றைக்கே புகாரும் வந்துவிட்டது. மேலிருந்து இழுத்தால் வருமே வைஃபை, புளூடூத் எல்லாம் இருக்கிற கன்ட்ரோல் சென்டர், அதில் எது பட்டன், எது பின்னால் இருக்கிற ஆப்பின் படம் என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது சோதனைப் பதிப்பில் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கினார்கள். மூன்றாவதில் இன்னும் மங்கல். நாலாவதில் மறுபடியும் பளிங்கு! நம்ம லேபில் நாம் பிரீசெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகுவோமே, அதே கதைதான். செப்டம்பர் 15-ஆம் தேதி எல்லாருக்கும் வெளியிட்டார்கள். வடிவமைப்பு ஆராய்ச்சியில் பேர் போன நீல்சன் நார்மன் குழு, படிப்பதற்கே சிரமமாக இருக்கிறது என்று கடுமையாக எழுதியது. நவம்பர் 3-ஆம் தேதி வந்த 26.1 பதிப்பில் கம்பெனியே இறங்கி வந்து, "கிளியர் வேண்டுமா, டின்டட் வேண்டுமா?" என்று ஒரு தேர்வை வைத்தது.

"ஐபோன் வச்சிருக்கிறவன் கவலை நமக்கு எதுக்குடா?" என்று ரூம் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் வகுப்பில் ஐபோன் வைத்திருப்பவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். ஆனால் ஆப்பிள் போடுகிற சட்டையைத்தான் அடுத்த வருஷம் மற்றவர்களும் தைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு இலவசத் தீம்கள் கண்ணாடி கண்ணாடியாக வந்து குவிந்தன. அதில் ஒன்றை இறக்கினேன், நானும்! எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் கொல்லிமலை. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர்கள் இல்லை. அம்மாவுக்கு எண் மட்டும் தெரியும், அதுவும் நான் நாலாவது படிக்கும்போது என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அதில் அவங்களுக்கு ஒரு பெருமை உண்டு. பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் காசைப் பார்த்து உரக்கப் படிப்பாங்க. ரேஷன் கடையில் எடையைப் பார்த்துச் சொல்வாங்க. என் பழைய போனை அவங்களிடம் கொடுத்தபோது, பேங்க் கணக்கில் பணம் ஏறினால் வருகிற மெசேஜில் எண்ணைப் பார்த்துச் சொல்வதும் அம்மாவின் வேலையானது.

அந்தப் போனில் கண்ணாடித் தீமைப் போட்டுக் கொடுத்தது நான்தான். முகப்புப் படமாக, தங்கச்சி ஆகாய கங்கை அருவி முன்னால் நிற்கிற போட்டோவை வைத்தேன். பின்னால் முழுக்க வெள்ளை நுரை. எவ்வளவு அழகு!

சோளக்காடு சந்தையில் மிளகு போட்டிருக்கிறார்கள். 12 கிலோ, கிலோ 705 ரூபாய். வியாபாரி போனிலேயே பணம் அனுப்பிவிட்டார். உச்சி வெயில். அம்மா போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்காங்க. வெள்ளை நுரைக்கு மேலே கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெள்ளை எழுத்து. 8,460 வந்திருந்தது. அம்மா 3,460 என்று படித்துவிட்டாங்க.

ஐயாயிரம் குறைகிறது என்றால் சும்மா விடுவாரா அப்பா? சத்தம் போட்டுவிட்டார். அந்த வியாபாரி வருஷக்கணக்காக எங்களிடம் வாங்குகிறவர். அவர் தன் போனைக் காட்டினார், அப்பா அதைப் பார்க்கவே இல்லை. "எங்க போன்ல வந்ததைத்தான் நாங்க நம்புவோம்" என்றாராம். சந்தையே கூடிவிட்டது. அம்மா பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் போனை நீட்டி, "கண்ணு, இது எட்டா... மூணா?" என்று கேட்டிருக்காங்க. பையன் போனைத் திறந்து மெசேஜுக்குள் போனான். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக 8,460 இருந்தது.

இதை அம்மா எனக்குப் போனில் சொல்லும்போது அழவில்லை. "எனக்குத்தான் படிப்பு இல்லையே சாமி, நான் ஏன் படிக்கப் போனேன்" என்றாங்க. அதுதான் என்னை இதை எழுத வைத்தது. தீம் போட்டவன் நான், போட்டோ வைத்தவன் நான். இப்படி ஒரு தீமை எந்த வெளிச்சத்திலும் சோதித்துப் பார்க்காமல் கடையில் வைத்தவன் இன்னொருவன். ஆனால் குற்றம் யார் தலையில் விழுந்தது பாருங்கள்! நாற்பது வயசுக்கு மேல் எண் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தர் தலையில்.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், நாம் டிப்ளமோக்காரர்கள் அல்லவா!

எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் எவ்வளவு வெளிச்ச வித்தியாசம் என்பதை ஒரு விகிதமாக அளக்கலாம். இணையத்துக்கான தர விதிகளை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்குச் சூத்திரமே இருக்கிறது. கறுப்பின் மேல் வெள்ளை என்றால் 21. அதுதான் உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்கிறது அந்த வழிகாட்டி. நான் சும்மா ஒரு வான நீலத்தை எடுத்து அதன் மேல் வெள்ளை எழுத்துக்குக் கணக்குப் போட்டேன். 1.7 வந்தது! வெள்ளை நுரைக்கு மேல் வெள்ளை எழுத்து என்றால் 1-க்குப் பக்கத்தில் போய்விடும், அதாவது எழுத்தே இல்லாத மாதிரி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சாதாரணத் திரையில் பின்னணி நிறம் இன்னதென்று வடிவமைப்பவருக்குத் தெரியும். அவர் ஒரு தடவை கணக்குப் போட்டால் போதும். கண்ணாடியில் பின்னணி எது? நான் வைக்கிற போட்டோ, நீங்கள் வைக்கிற போட்டோ, ஓடிக்கொண்டிருக்கிற வீடியோ. எந்த விகிதம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பின்னணி வெளுத்தால் எழுத்து தானே கறுப்பாக மாறும்படி சாமர்த்தியமெல்லாம் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. பின்னணி பாதி வெளுப்பு, பாதி கறுப்பாக இருந்தால்? அருவி போட்டோ அப்படித்தானே இருக்கும்?

வெயில் சமாசாரம் இன்னும் மோசம். உதாரணத்துக்குத் திரையின் வெள்ளை 500 அலகு வெளிச்சம், எழுத்து அதில் பாதி, 250 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் விகிதம் 2. வெளியே வந்தால் வெயில் திரையில் பட்டுத் திரும்பும். அது ஒரு 200 அலகு என்று வைத்தால் இரண்டு பக்கமும் 200 கூட வேண்டும். 700-ஐ 450-ஆல் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேல். ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு "பரவாயில்லையே" என்று இருந்தது, சந்தையில் நிற்கிறவருக்கு இல்லாமலே போய்விடும். பார்க்கிற கண்ணின் வயசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 வயசுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்வது 20 வயசுக் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். கண்புரை இருந்தால் வெளிச்சம் உள்ளேயே சிதறிப்போகும். எங்கள் பாட்டி நிலா வெளிச்சத்தில் நடப்பாங்க, போன் வெளிச்சத்தில் தடுமாறுவாங்க.

நம்ம தமிழ் எழுத்துக்கு இது இன்னும் ஆபத்து. இங்கிலீஷில் ஒரு புள்ளி போனாலும் ஊகிக்கலாம். நம்மில் புள்ளிதான் உயிரும் மெய்யும்! "ம"வுக்கும் "ம்"முக்கும் நடுவில் இருப்பது ஊசிமுனை அளவு புள்ளி. எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் ஒரு சின்னச் சுழிப்பு. ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். பின்னால் படம் நெளிந்தால் முதலில் சாவது இந்தப் புள்ளியும் சுழியும்தான்.

இந்தக் கஷ்டம் நமக்குப் புதுசும் இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். எகர ஏகாரக் குழப்பம் தீர வீரமாமுனிவர் வந்து கொம்பைத் திருத்தினார் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அதைவிடப் பிடித்தது மையாடல். எழுத்தாணியால் கீறின எழுத்து ஓலை நிறத்திலேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் விளக்குக் கரியோடு கோவை இலைச் சாறு, மஞ்சள் மாதிரிப் பொருள்களைச் சேர்த்துத் தேய்ப்பார்கள். கீறலில் கரி நின்றுகொள்ளும், எழுத்து கறுப்பாக எழும்பி வரும். நண்பர்களே, அந்தக் கரிதான் நம்ம 10 கே பிரீசெட்! எழுதினால் மட்டும் போதாது, தெரியவும் வைக்க வேண்டும் என்று நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்திருக்கிறது.

"பிடிக்கலைன்னா செட்டிங்ஸ்ல போய் மாத்திக்க வேண்டியதுதானே?" இதைச் சொல்லாத ஆளே இல்லை. போய்ப் பார்ப்போமா? ஐபோனில் செட்டிங்ஸ், அதற்குள் ஆக்சசிபிலிட்டி, அதற்குள் டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அதற்குள் ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி. நாலு படி! நாலிலும் வாசகம் படித்துத்தான் இறங்க வேண்டும். எழுத்து தெரியாமல் தவிக்கிறவர், அதே தெரியாத எழுத்தைப் படித்துக்கொண்டே போய், எழுத்தைத் தெரிய வைக்கும் பட்டனைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்! கிணற்றில் விழுந்தவனிடம் "கயிறு கிணற்றுக்கு அடியில்தான் இருக்கு, எடுத்துக்க" என்று சொல்வது போல இல்லையா? அப்படியொரு பட்டன் இருக்கிறது என்று தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான், நானும் ஹாஸ்டலில் கிடக்கிறேன்.

ஆப்பிளைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கம் இல்லை. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்கிற வாய்ஸ்ஓவர் வசதியை 2009-லேயே ஐபோனில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களே செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். அதுவும் முதல் தடவை இல்லை! 2013-இல் ஐ.ஓ.எஸ். 7-இல் நூல் மாதிரி மெல்லிய எழுத்து போட்டார்கள். படிக்க முடியவில்லை என்று கூச்சல் எழுந்தது, அப்புறம் தடிப்பாக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் 2007-இல் விண்டோஸ் விஸ்டாவில் ஏரோ என்று கண்ணாடி ஜன்னல் வைத்தது, 2012-இல் விண்டோஸ் 8 வரும்போது கழற்றிப் போட்டது. புதுசாகத் தெரிய வேண்டும், கடையில் பார்த்தவுடன் வாங்கத் தோன்ற வேண்டும். அந்த நிமிஷத்தில் அதை வாங்கப் போகிறவர் கண் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது போல.

நம்ம நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, அன்றாடம் பயன்படும் மின்னணுச் சாதனங்கள் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரும் போட்ட வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பேங்க் கே.ஒய்.சி.க்கு "கண்ணைச் சிமிட்டு" என்று ஆப் கேட்கிறது, சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பதுதான் அந்த வழக்கு. எங்கள் அம்மா மாற்றுத்திறனாளி இல்லை. ஆனால் அவர்களுக்காக வைக்கிற சாய்தளத்தில்தான் மூட்டை தூக்குகிறவரும் ஏறுகிறார்.

எங்கள் மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. டிரைவர் அண்ணன் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்வார். "இந்தப் பலகையைக் கண்ணாடியில் செய்தால் பின்னால் இருக்கிற பள்ளத்தாக்கு எவ்வளவு அழகாகத் தெரியும்!" என்று எந்த இன்ஜினியராவது சொல்லியிருப்பாரா? சொன்னால் நெடுஞ்சாலைத் துறையில் விட்டு வைப்பார்களா? முதலாமாண்டு டிராயிங் வகுப்பில் நம்மைப் பாடாய்ப் படுத்தினார்களே, எழுத்து உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மில்லிமீட்டர் என்று? கோடு எல்லாம் சரியாக இருந்தும் லெட்டரிங் மங்கல் என்று என் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார் சார். அன்றைக்கு எனக்கு மகா எரிச்சல். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர் 8-ஐ 3 என்று படித்தால் ஒரு வேலைத்துண்டே வீணாகும் என்பதற்காகத்தான் அந்தக் கெடுபிடி என்று இப்போது புரிகிறது.

இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போகப் போகிறோம். யாரோ ஒருவர் ஆப் எழுதுவோம், யாரோ ஒருவர் மீட்டர் பேனல் செய்வோம், யாராவது போன் கடையில் வேலைக்கு நிற்போம். இந்த வருஷப் புராஜெக்ட் கண்காட்சியில் டிஸ்பிளே வைக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹாலுக்குள் மட்டும் பார்க்காதீர்கள், மத்தியானம் கிரவுண்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கேன்டீன் அக்காவைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். போன் கடையில் நிற்கப் போகிறவர்கள், புதுப் போனைக் கையில் கொடுக்கும்போது "எழுத்து தெரியுதா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் பட்டனை நீங்களே தட்டிக் கொடுங்கள். உண்மையில் போனே முதல் தடவை ஆன் ஆகும்போது இதைக் கேட்க வேண்டும். கேட்காத வரைக்கும் நாம் கேட்போம்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அம்மா போனில் தீமை எடுத்தேன். பின்னணி முழுக் கறுப்பு, எழுத்து வெள்ளை, அளவும் பெரிசு. எண் எல்லாம் தூரத்திலிருந்தே தெரிகிறது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா போட்டோ எங்கடா?" என்று கேட்டாங்க. எண் தெரிய வேண்டுமானால் போட்டோ போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். மெசேஜ் வந்தால் இப்போதும் அவங்க படிப்பதில்லை. "நீயே பாரு கண்ணு" என்று யார் கையிலாவது நீட்டிவிடுறாங்க.

அடுத்த சந்தைக்கு அப்பா அந்த வியாபாரியிடம் போய், "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றிருக்கிறார். அவரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றையிலிருந்து போனில் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ரொக்கமாக எண்ணி அப்பா கையில் வைக்கிறார். அம்மா அதை வாங்கி இன்னொரு தடவை எண்ணுறாங்க, உரக்க.